மாமையும் முகப்பூச்சும்

பழந்தமிழ்ப் புலவர் தலைவியின் மேனி நிறத்தை மாமை என்றனர். மாந்தளிரின் நிறம் என்று அதற்கு உரை கூறுவர். தளிரின் பழுப்பினுள்ளே செம்மை ஒளிர்தல் காண்க. இவ்வுள்நிறத்தையே இன்று பவுண்டேஷன் என்னும் முகப்பூச்சு வாங்குவார் பலர் நோக்காது விடுகின்றனர்.

மேல்நிறம் வெயிலாற் கறுக்கும். உள்நிறம் பெரிதும் மாறாது. மெலனின் என்னும் நிறப்பொருளும் குருதியின் செம்மையும் கூடி, ஒருவர்க்கு மஞ்சட்சாயலும் மற்றொருவர்க்குச் செஞ்சாயலும் தருகின்றன. ஆதலின் ஒரே அளவு கருமையுடைய இருவர்க்கும் ஒரே பூச்சுப் பொருந்துதல் உறுதியன்று.

மணிக்கட்டின் நரம்பு பச்சையாயின் மஞ்சட்சாயல், நீலமாயின் செஞ்சாயல் என்பர். கருமேனியில் நரம்பு நன்கு புலப்படாதாகலின் அவ்வுபாயம் அத்துணைப் பயன்படாது. தாடையோரத்தில் இரண்டு மூன்று பூச்சுகளைக் கோடாக இட்டு, உலரவிட்டு, பகலொளியில் நோக்குக. உலர்ந்தபின் நிறம் கறுப்பதும் உண்டு. கழுத்தோடு இயைந்து மறையும் கோடே உரியது. புறங்கையிற் பூசிப் பார்த்தல் வீண்.

சென்ற ஆண்டு நாடகத்தில், 'சிவப்பாக'த் தோன்ற விரும்பி வெளிறிய பூச்சணிந்த தோழி ஒருத்தி மேடையிற் சாம்பல் பூத்து நின்றாள். மாமையை விலைகொடுத்துப் பசலையாக்கினாள் என்று நகைத்தோம், நகைத்தது பிழையே. வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடு கருமேனிமேல் மிகுந்து படியின் அவ்வாறே தோன்றும். மறுநாள் இருபடி கறுத்த, மஞ்சட்சாயலுள்ள பூச்சை இட்டாள். முகம் கழுத்தோடு சேர்ந்தது.