சிறு புல்வெட்டுக்கிளி: வயலுக்குப் பகையா, நட்பா?

நெற்பயிரினூடே நடக்கும்பொழுது காலடியிலிருந்து பச்சைநிறப் பூச்சிகள் துள்ளிப் பறப்பதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். வெட்டுக்கிளி வந்துவிட்டதெனக் கருதி உடனே நாசினி தெளிப்போரும் உளர். ஆனால், துள்ளுவன எல்லாம் பீடைகளல்ல. அவற்றுள் ஒன்று கூலி கேளாத காவற்காரன். அதுவே கொனோசெபாலஸ் இனத்தைச் சேர்ந்த சிறு புல்வெட்டுக்கிளியாகும்.

அடையாளம்

இதன் உடல் சுமார் முக்கால் அங்குல நீளமுடையது. நிறம் பச்சை, அல்லது மஞ்சள் கலந்த பச்சை. முகம் சரிந்திருக்கும். தலையுச்சியிலிருந்து பின்னோக்கி ஒரு கபிலநிறப் பட்டை ஓடும்.

முதலில் உணர்கொம்புகளை நோக்குக. இவை மயிர்போல் மெலிந்து, உடலின் இருமடங்குக்கு மேல் நீண்டிருக்கும். நெல்லிலையைத் தின்றழிக்கும் வெட்டுக்கிளியின் கொம்புகளோ தடித்தவை; உடலைவிடக் குறுகியவை. பெண்பூச்சியின் பின்நுனியில் வாள்போன்ற உறுப்பொன்று காணப்படும். அது கொட்டும் முள் அன்று, முட்டையிடுவதற்கானது.

வாழ்க்கை

பெண்பூச்சி அவ்வுறுப்பினால் புல்லினங்களின் இலைமடலுள் முட்டைகளைச் செருகுகின்றது. வெளிவரும் குஞ்சுகள் சிறகின்றித் தாயை ஒத்திருக்கும். கூட்டுப்புழுப் பருவம் இல்லை. பலமுறை தோல் கழற்றி வளர்ந்து சிறகு பெறும். ஆண்பூச்சி முன்சிறகுகளை உரசி மெல்லொலி எழுப்பும். அதனைக் கேட்கும் செவி முன்கால்களில் அமைந்துள்ளது. வளர்ந்த பயிரில் இவை மிகுதி. இரவிலே கூடுதலாக நடமாடும்.

உணவு

இப்பூச்சி இலையையும் கதிரையும் ஓரளவு கடிப்பதுண்டு. எனினும் அதனால் வரும் நன்மை பெரிது. மஞ்சள் தண்டுத் துளைப்பான் இலையில் இடும் முட்டைக் குவியல், கபிலநிற மயிரால் மூடப்பட்டிருக்கும். அத்தகைய மூன்று நான்கு குவியல்களை ஒரு பூச்சி ஒரே நாளில் உண்ண வல்லது. முட்டையிலேயே பீடை அழிந்தால், குருத்துக் காய்தலும் வெண்கதிரும் அந்த அளவுக்குக் குறையும். நெல் மூட்டுப்பூச்சியின் முட்டைகளையும், அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தியின் குஞ்சுகளையும் இது உண்ணும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. நாசினி தெளிக்குமுன் வயலின் பல இடங்களில் பயிரை விலக்கிப் பார்க்க. துள்ளும் பூச்சியின் கொம்பு நீண்டதா, குறுகியதா என அறிக.

2. காரணமின்றி நாசினி தெளியாதீர். அறக்கொட்டியின் முட்டைகள் இலைமடலின் உள்ளே இருப்பதால் தப்பிவிடும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுகளை உண்ணும் பூச்சிகளும் சிலந்திகளுமோ மடிந்துவிடும். பின்னர் பீடை முன்னிலும் பெருகும். இதனை அனுபவத்தில் அறிந்த இந்தோனேசிய அரசு, 1986-ம் ஆண்டில் 57 நாசினிகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடைசெய்தது.

3. வரம்புப் புல்லை எரிக்காதீர். ஆயினும் பூத்த புல் மூட்டுப்பூச்சிக்கு இடமளிக்குமாதலால், பூக்குமுன் பகுதி பகுதியாக வெட்டுக.

4. வயலருகே மரக்கறி செய்வோர், பாத்திக்குத் தெளிக்கும் நாசினி காற்றில் வயலுக்குச் செல்லாது கவனிக்க.

பீடை உண்மையிலேயே மிகுந்து காணப்படின், பூச்சியைப் பிடித்து ஒரு போத்தலில் இட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக. இன்னதென அறிந்த பின்னரே மருந்து. அறியாது தெளிக்கும் மருந்து காவலனைக் கொன்று கள்வனை வாழவைக்கும்.