குழந்தைகளும் உணவு ஒவ்வாமையும்

ஒருவர் விரும்பி உண்ணும் பண்டம் மற்றொருவர் உடலுக்குப் பகையாவதை நம் பாட்டிமார் நெடுங்காலமாக அறிவர். 'கரப்பான் பண்டம்' என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஒதுக்கிவைத்தவர்கள் அவர்கள். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவரான கிளமென்ஸ் ஃபான் பிர்க்கே. நாம் அதனை ஒவ்வாமை என்கிறோம். இத்துறையில் நாம் வாழும் மைசூர் நகரத்திலேயே சிறந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அது மிகவும் பயன்படும் என்பதால் அதைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒவ்வாமை எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். 1921-இல் பிரௌஸ்னிட்ஸ், கஸ்ட்னர் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் ஒரு துணிகரமான சோதனை செய்தார்கள். கஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. பிரௌஸ்னிட்ஸுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கஸ்ட்னருடைய இரத்தத்தின் சீரத்தைப் பிரௌஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சத்தை ஏற்றியவுடன் தோல் தடித்துச் சிவந்தது! ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்பது அதனால் தெரிந்தது. அந்தப் பொருள் இன்னதென்று கண்டறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவில் இஷிஸாகா என்னும் ஜப்பானியத் தம்பதியரும், அதையொட்டி ஸ்வீடன் நாட்டு அறிஞர்களும் அதனைக் கண்டார்கள். இன்று அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர். இந்த எதிர்ப்புப் புரதம் தோல், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றிலுள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தனக்குரிய உணவுப் புரதம் வந்து சேர்ந்ததும் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் அதன் விளைவுகளே.

அப்படியானால் இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. இருந்தால் ஒவ்வாமை உண்டு என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் மைசூர் ஆராய்ச்சி நமக்கு உதவுகிறது. ஐரோப்பியக் கூட்டு முயற்சி ஒன்றின் பகுதியாகச் சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 35,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இந்தியப் பகுதி கர்நாடகத்தில் நடந்தது. மைசூர் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பி. ஏ. மகேஷ் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். 2020-இல் வெளியான அதன் முடிவு வியப்பானது. நம் பிள்ளைகளில் நூற்றுக்கு 19.1 பேருக்கு ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இரத்தத்தில் இருந்தது. ஆனால் உண்டபின் தொல்லையும் ஏற்பட்டு, இரத்தமும் அதற்கு ஒத்துச் சொன்னவர்கள் நூற்றுக்கு 0.14 பேரே. ஹாங்காங்கிலோ இது 1.5. கணக்கை விரித்துப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகளில் 190 பேருக்குச் சோதனைத் தாள் 'உண்டு' என்று சொல்கிறது. உண்மையில் தொல்லைப்படுபவர் ஒருவரோ இருவரோதாம்!

இதற்குக் காரணங்கள் உண்டு. மகரந்தப் பொடிக்கு எதிராக உண்டான ஐ.ஜி.ஈ., அதைப் போன்ற அமைப்புடைய காய்கனிப் புரதங்களோடும் சோதனைக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். புரதத்தின்மேல் தொங்கும் சர்க்கரைக் கிளைகளோடும் ஒட்டும். அவ்வாறு ஒட்டுவது பெரும்பாலும் உடலில் யாதொரு கலகமும் செய்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் நான்கு வயதுப் பையனுக்குத் தோலில் கரப்பான் கண்டது. நாற்பது பண்டங்களுக்கு ஒரே இரத்தத்தில் சோதனை செய்து வாங்கிய தாளைப் பார்த்து, பால், முட்டை, கோதுமை, உளுந்து நான்கையும் நிறுத்திவிட்டார்கள். இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. ஆறு மாதத்தில் பிள்ளை எலும்புந் தோலுமானான். கரப்பான் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு மருத்துவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "இவற்றைத் தின்றபோது பிள்ளைக்கு என்னம்மா நேர்ந்தது?" என்று கேட்டார். "ஒன்றும் நேரவில்லையே, டாக்டர்" என்றாள் தாய். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு புரதத்தை அளந்து உணவுப் பட்டியல் தருவோரும் உளர். அந்தப் புரதம் நாம் உண்ணும் பண்டத்தை உடல் அறிந்திருக்கிறது என்பதையே காட்டும். ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008-லேயே அறிவித்துவிட்டது.

கத்தரிக்காய்க்கு வருவோம். 1950-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் வெங்கடேஷ் என்னும் அறிஞரும் அவர் மாணவர்களும், டாக்டர் மகேஷுடன் சேர்ந்து இந்தக் காயை ஆராய்ந்தனர். கத்தரிக்காய் ஒவ்வாமை பெண்களிடையே மிகுதி என்று 2008-இல் எழுதினர். அதிலும் சுவையான செய்தி ஒன்றுண்டு. கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் இருக்கிறது. ஆகவே அதன் சாற்றை இட்டுத் தோலில் குத்திப் பார்த்தால், ஹிஸ்டமினுக்கு எளிதில் தடிக்கும் தோலுடையவருக்கு ஒவ்வாமை இல்லாமலே தடிக்கக்கூடும். பாட்டியின் சொல்லில் உண்மை உண்டு. ஆனால் அரிப்பெல்லாம் ஒவ்வாமையாகிவிடாது.

ஐயம் எஞ்சினால் தீர்ப்பதற்கு வழி, உண்ணக் கொடுத்துப் பார்ப்பதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சார்லஸ் மே 1976-இல் இதனைச் செம்மைப்படுத்தினார். ஐயத்துக்குரிய பண்டத்தை வேறொன்றில் மறைத்து, சில வேளை அதையும் சில வேளை வெறும் பொருளையும் கொடுப்பார்கள். எது எப்போது என்பது பிள்ளைக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கடுகளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். இதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் ஒருபோதும் செய்யலாகாது.

ஏனெனில் உண்மையான ஒவ்வாமை உள்ள அந்த ஒரு பிள்ளைக்கு ஆபத்து மெய்யானது. உண்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பும், குரல் கம்மலும், இளைப்பும், மயக்கமும் சேர்ந்து வரலாம். அப்போது உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகப் போடப்படுவது. அரிப்புக்குத் தரும் மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. பிள்ளையைப் படுக்கவைத்து, மூச்சு விடச் சிரமப்பட்டால் மடியில் சாய்த்து உட்காரவைத்து, அவ்வூசி உள்ள இடத்துக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். போகும்போது பிள்ளை எதைத் தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போவது நல்லது.