தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

கொழிஞ்சாம்பாறையில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். கடையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் மீன்களும் செடிகளும் இருந்தன. தொட்டி ஜன்னல் ஓரம் இருந்தது. வெயில் பட்டது. இரவு வெகு நேரம் இரண்டு விளக்குகளும் எரிந்தன.

சில நாளில் தண்ணீர் பச்சையானது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தன.

எழுத்தறிவு மையத்தில் அக்கா கேட்டார்:

"தம்பி, செடிக்கு வெளிச்சம் நல்லதுதானே?"

"நல்லதுதான் அக்கா. ஆனால் பாசிக்கும் அதுதான் உணவு. வெளிச்சம் மிஞ்சினால் பாசி பெருகும். இருட்டில் பாசியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மீனுக்குக் குறைந்துவிடும்."

"அப்படியானால் என்ன செய்வது?"

இருவரும் சேர்ந்து இப்படிச் செய்தோம்:

1. தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தோம்.
2. 10 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை மட்டும் வைத்தோம். முதலில் தினம் 6 மணி நேரம். பிறகு 8 மணி நேரம்.
3. நிழலில் வளரும் செடிகளை வைத்தோம். ஜாவா பெர்ன் செடியைக் கல்லில் கட்டினோம். கிரிப்டோகோரைன் செடியை மணலில் நட்டோம். இந்த இனச் செடிகள் நம் மலை ஓடைகளிலும் உண்டு.
4. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினோம்.

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. மீன்கள் பிழைத்தன.

கரண்ட் கணக்கு: 10 வாட் × 8 மணி × 30 நாள் = 2,400. இதை 1,000 ஆல் வகுத்தால் 2.4 யூனிட்.

எச்சரிக்கை: விளக்கை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.

பயிற்சி: 20 வாட் விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் எத்தனை யூனிட் ஆகும்? எழுதுங்கள்.