பெத்தாங்க் ஆட்டத்தில் முறையும் காலமும்

பிரான்சு நாட்டு லா சியொத்தா நகரில் தோன்றிய பெத்தாங்க் என்னும் குண்டெறி ஆட்டம் இன்றும் நம் புதுவையில் ஆடப்பட்டு வருகின்றது. காண்போர்க்கு எளிதாய்த் தோன்றும் இவ்வாட்டத்தில், ‘அடுத்து எறிதற்குரியர் யாவர்?’ என்னும் வினாவே பூசலை விளைப்பது. அதன் விதியை ஈண்டு ஆராய்வோம்.

இலக்காகிய சிறு குண்டிற்கு எக்கட்சியாரின் குண்டு மிக அண்மையில் உளதோ, அவர் பொறுத்திருத்தல் வேண்டும். பின்தங்கியவரே, தம் குண்டு அதனினும் அணுகும்வரை, எறிதற்குரியர். ஒரு கட்சியாரின் குண்டுகள் தீர்ந்துவிடின், மற்றவர் தம்மிடம் எஞ்சியவற்றை எறிவர். இருவர் குண்டுகளும் சமதூரத்தில் நின்று, இருவரிடமும் குண்டுகள் எஞ்சியிருப்பின், இறுதியாக எறிந்த கட்சியாரே மீண்டும் எறிவர். அதன்பின், ஒருவர் முந்தும்வரை, மாறி மாறி எறிவர்.

எறிதற்கு அளிக்கப்படும் காலம் ஒரு நிமிடமே. முந்திய குண்டு ஓய்ந்தவுடன் அது தொடங்கும். தூரத்தை அளக்க நேரிடின், அளந்து முடிந்த பின்னரே தொடங்கும். ஐயந்தீர்க்கச் செலவாகும் பொழுதை எவர் கணக்கிலும் ஏற்றாமை இவ்விதியின் நயமாம்.

13 புள்ளிகளை முதலில் எய்தியவர் வென்றவராவர். எனினும், மாணவ நண்பர்காள், முறை பிறழ்ந்து பெற்ற புள்ளியால் வரும் பெருமை யாது? அளவுகோலின் தீர்ப்பை முகங்கோணாது ஏற்கப் பழகியவர்க்குத் தோல்வியும் பகையை விளைப்பதில்லை.