பிள்ளைகளைச் சோதனை எலியாக்குகிறார்களா?

நூம்பலிலும் வேலப்பஞ்சாவடியிலும் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோர் வாயிலிருந்து இந்தப் பேச்சு ஓயாமல் வருகிறது: "யூனிவர்சிட்டிக்காரங்க வந்து கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்கள வெச்சு சோதனை பண்றாங்களாம். பாதி ஸ்கூலுக்குக் கொடுப்பாங்களாம், பாதிக்குக் கொடுக்க மாட்டாங்களாம். நம்ம பிள்ளைங்க என்ன எலியா?" வாட்ஸ்அப் குழுவில் இதையே நாலு பேர் பரப்புகிறார்கள். பட்டம் வாங்கியவர்களும் யோசிக்காமல் தட்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தச் சோதனை என்னவென்று முதலில் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எதிரே ஒருவர் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டுவார். மேலே சில எழுத்துகள், அடுத்துச் சில சொற்கள், அடியில் நாலு வரிக் கதை. பிள்ளைக்கு எதுவரை படிக்க வருகிறதோ அதுவரை போதும். பிறகு ஒரு கழித்தல்: 52-இல் 17 போனால் எவ்வளவு? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கணக்கு. ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது.

பாதிக்குக் கொடுத்துப் பாதிக்குக் கொடுக்காமல் விடுவது உண்மைதான். ஏன் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நம் அங்கன்வாடியில் டீச்சர் ஒரே ஆள். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர் தலையில். பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க எங்கே நேரம்? அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பேராசிரியர்கள் கூடுதலாக ஓர் ஆள் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களில் ஆராய்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், சொல்லிக்கொடுப்பதற்கென்றே அரை நேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகப் போடப்பட்டார். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். பழைய டீச்சருக்குச் சத்துணவு, உடல்நல வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதமும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன.

மற்ற பாதி மையங்களில் சோறு நின்றதா, முட்டை நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. எல்லா மையத்துக்கும் ஆள் போட்டிருந்தால், பிள்ளை தேறியது கூடுதல் ஆளாலா, அந்த வருஷம் வேறு ஏதாவது நடந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்குத் தனியார் பள்ளியில் குலுக்கல் போட்டால், அதுதான் நியாயம் என்று வரிசையில் நிற்கிறோம். அதே குலுக்கலை ஆராய்ச்சிக்காரர் போட்டால் மட்டும் அநியாயமா?

எலி வேண்டுமானால் வேறு இடத்தில் தேடுங்கள். தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையை, சி.சி.இ. என்றால் எல்லா ஆசிரியருக்கும் புரியும், 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள் பதிவேடு பதிவேடாக எழுதினார்கள். ஹரியானாவில் சுமார் 500 பள்ளிகளில் இதை முறையாக ஆராய்ந்தபோது, சி.சி.இ. நடந்த பள்ளிக்கும் நடக்காத பள்ளிக்கும் பிள்ளைகளின் கற்றலில் வித்தியாசமே தெரியவில்லை. அதே ஆய்வில், எந்த வகுப்பு என்று பாராமல், பிள்ளை படிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்துச் சொல்லிக்கொடுத்த தொடக்கப் பள்ளிகளில் வாசிப்பு கூடியது. உங்கள் வீட்டுக் குழந்தை அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்காருகிறதே, அந்த யோசனை இப்படித்தான் பல இடங்களில் அளந்து பார்க்கப்பட்டது. அளக்காமல் ஒரே சுற்றறிக்கையில் லட்சக்கணக்கான பிள்ளைகள் மேல் ஒரு திட்டத்தை இறக்குவதும் சோதனைதான். முடிவை யாரும் குறித்துவைக்காத சோதனை அது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோரிடம் கேட்காமல் பிள்ளையை உட்காரவைப்பது தவறு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், வதந்தியைப் பரப்பாதீர்கள்.

"ஆராய்ச்சி பண்ணி என்ன, கொரோனாவில் போனது போனதுதானே?" என்பது அடுத்தது. போகவில்லை. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, முன்பு சொன்ன முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படி மீண்டதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வி மையங்களால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களின் உழைப்புக்கு இந்த ஆய்வுதான் சாட்சி.

"ஃபீஸ் கட்டினால் படிப்பு தானாக வரும்" என்பவர்களுக்கு ஆந்திரா போதும். அங்கே நடந்த ஓர் ஆய்வில், குலுக்கலில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள், நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலே போகவில்லை. இந்தி மட்டும் கூடுதலாக வந்தது. ஆனால் தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு மிகக் குறைவு, அதையும் மறைக்கக் கூடாது.

எனக்குப் பல்கலைக்கழகங்கள் மேல்தான் கோபம். நம் பிள்ளைகளிடம் எடுத்த விவரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டு இதழில் போடுகிறார்கள். பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தர நேரமில்லையாம். காரப்பாக்கத்தில் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, திரூரில் நம் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வின் தமிழ்ச் சுருக்கத்தையும் வாங்கிப் பள்ளிக்குப் பள்ளி அனுப்பும் வேலையை இவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பூந்தமல்லி ஒன்றியப் பெற்றோரும் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: எங்கள் பள்ளியில் ஆய்வு செய்கிறவர் பெற்றோரின் கையெழுத்து வாங்கியபின்தான் தொடங்க வேண்டும், முடித்த ஆறு மாதத்துக்குள் முடிவைத் தமிழில் எழுதி, இதே கூட்டத்துக்கு நேரில் வந்து படித்துக் காட்ட வேண்டும்.