தம்பிக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: என் தம்பிக்குக் குடலில் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ‘க்ரோன்ஸ்’ என்கிறார்கள். இது பரம்பரை நோயா? எனக்கும் வருமா?
– ஒரு வாசகி, புழல்

பதில்: முதலில், அந்த மருத்துவர்மீது கோபப்படாதீர்கள். குடல் காசநோயும் க்ரோன்ஸும் ஸ்கோப்பில் பார்த்தாலும் சதைப் பரிசோதனையிலும் ஒன்றுபோலவே ஏமாற்றும். நம் நாட்டில் இந்தக் குழப்பம் அன்றாடம் நடப்பது.

குடலில் வாழும் கோடானுகோடி கிருமிகளை நோயெதிர்ப்பு சக்தி பொறுத்துப் போக வேண்டும். அந்தப் பொறுமை கெட்டு ஓயாமல் தாக்கினால் குடல் சுவரே புண்ணாகிறது; அதுதான் க்ரோன்ஸ். இதில் பங்குள்ள மரபணுப் பகுதிகள் 200க்கும் மேல். 2001இல் முதலில் பிடிபட்டது ‘நாட்2’ மரபணு. ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள அதன் மாற்றங்கள் இந்தியரிடம் அபூர்வம். எனவே ‘வருமா’ என்றறிய ஜீன் டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள். உடன்பிறந்தவர் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் ஒரே சாயலுள்ள ஒத்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவர் தப்புவது சகஜம்.

தம்பிக்கு உதவக்கூடிய ஜீன் டெஸ்ட் ஒன்று உண்டு: ‘நுட்15’. அதில் மாற்றம் உள்ளவர்களுக்கு க்ரோன்ஸுக்குத் தரும் அசதயோபிரின் மாத்திரையால் வெள்ளணுக்கள் சரியலாம், முடி கொத்தாகக் கொட்டலாம். இந்த மாற்றம் ஆசியரிடம் அதிகம். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி போடுவதாக இருந்தால், உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள். பழைய காசநோய் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் காட்டச் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவரானால் இன்றே நிறுத்தட்டும். க்ரோன்ஸை அது முற்றவைக்கும்.