நினைவாற்றலும் குறியீடற்ற ஆர்.என்.ஏ.யும்

கற்றது நெஞ்சில் நிலைப்பது எங்ஙனம் என்னும் வினா மிகப் பழமையானது. அதற்குரிய விடையின் ஒரு பகுதி, அறிவியலார் நெடுங்காலம் பயனற்றதென ஒதுக்கிய இடத்திலிருந்து இன்று கிடைத்து வருகிறது. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

டி.என்.ஏ.யை மூலச்சுவடி எனக் கொண்டால், அதிலிருந்து எடுக்கப்படும் படியே ஆர்.என்.ஏ. ஆகும். அப்படியைக் கொண்டே உயிரணு புரதத்தை உருவாக்குகிறது. ஆயினும் மனித டி.என்.ஏ.யில் புரதத்திற்கான குறிப்பு ஏறத்தாழ 2 விழுக்காடே. எஞ்சிய பகுதியைக் 'குப்பை டி.என்.ஏ.' எனச் சுட்டும் வழக்கம் 1972-க்குப் பின் பரவியது. அப்பகுதியிலிருந்தும் ஆர்.என்.ஏ.க்கள் பல தோன்றுகின்றன. புரதமாக மாறாத அவற்றையே குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்கிறோம்.

அவற்றுள் ஒரு வகை நுண் ஆர்.என்.ஏ. ஆகும். இது பிற மரபணுக்களின் செய்தியோடு இணைந்து, புரத உற்பத்தியை அடக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள புழுவில் இவ்வுண்மையை 1993-இல் வெளிப்படுத்திய விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்குன் ஆகியோர் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கும் நினைவிற்கும் என்ன தொடர்பு? நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பெறுவதே நினைவின் அடிப்படை. நரம்பணுக் கிளைகளிலுள்ள நுண்முட்களில் இவ்விணைப்புகள் அமைகின்றன. எலியின் நரம்பணுக்களில், மிர்-134 என்னும் நுண் ஆர்.என்.ஏ. லிம்கே-1 என்னும் புரதத்தின் உற்பத்தியைத் தடுத்து, முட்கள் பருக்காமல் காக்கிறது என்பதை 2006-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தூண்டல் நிகழும்போது சுரக்கும் பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிப் பொருள் அத்தடையைத் தளர்த்துகிறது. ஆக, வேண்டும் இடத்தில், வேண்டும் பொழுதில் மட்டும் இணைப்பு வளர இக்கடிவாளம் உதவுகிறது.

கடல்முயல் என்னும் உயிரியில் இதன் மறுபுறத்தைக் காண்கிறோம். அங்கே பிவி வகை ஆர்.என்.ஏ., நினைவிற்குத் தடையாக நிற்கும் கிரெப்-2 என்னும் மரபணுவையே அடக்குகிறது என 2012-இல் அறியப்பட்டது. தடைக்கும் ஒரு தடை உண்டு!

இவ்வொழுங்கு பிறழ்ந்தால் தீங்கு நேரலாம். முதியோரின் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயுற்றோர் மூளையில், அமிலாய்டு உருவாகத் துணைபுரியும் ஒரு குறியீடற்ற ஆர்.என்.ஏ. மிகுந்திருந்ததை 2008-ஆம் ஆண்டின் ஆய்வொன்று கண்டறிந்தது. பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்து தவிக்கும் பெரியோரை நாம் அறிவோம். அவர்தம் துயர் துடைக்கும் வழி தேடுவோர் இம்மூலக்கூறுகளையும் ஆராய்ந்து வருகின்றனர்.

குப்பை என்றவை அனைத்தும் பொன் என்று கூறுவதற்கில்லை. எனினும் பயன் அறியப்படாததும் பயனற்றதும் ஒன்றல்ல. ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.